நீந்திக் கடல் கடந்த ஆரத்தி சாஹா

பத்தாம் வகுப்பு மாணவி, கோம்பை

இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி என்ற பெருமைக்கு உரியவர் ஆரத்தி சாஹா. ஓட்டப் பந்தயம் என்றதும் பி.டி. உஷாவின் பெயரைச் சிறு பிள்ளைகளும் சொல்லிவிடுகிறார்கள். ஆரத்தியின் பெயரோ பொது அறிவுப் போட்டிக்காக ஒரே வரியில் மனப்பாடம் செய்யப்பட்டு, போட்டி முடிந்ததும் மறக்கப்பட்டுவிடுகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை பெரிய வாழ்க்கை இருக்கிறது என்பதைத் தோழியர் அறியவே இதனை எழுதுகிறேன்.

கால்வாய் என்றவுடன் நம் பக்கத்துப் பதினெட்டாம் கால்வாயைப் போன்ற ஒன்றை மனத்தில் நினைத்துவிடக் கூடாது. பெயர்தான் கால்வாய், உண்மையில் அது பிரான்சு நாட்டிற்கும் இங்கிலாந்து நாட்டிற்கும் இடையே கிடக்கும் கடல். மிகக் குறுகிய இடத்திலேயே அதன் அகலம் சுமார் 33 கிலோமீட்டர். கோடைக் காலத்தின் கடைசியிலும் அதன் நீர் 15 முதல் 18 டிகிரி வரைதான் இருக்கும். மார்கழி மாதத்து விடியற்காலையில் தொட்டித் தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்ளவே நாம் எவ்வளவு தயங்குகிறோம்! அந்தக் குளிரில் பகல் முழுவதும் மிதந்து கிடக்க வேண்டும். அங்கே நீரோட்டம் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை திசை மாறும். முன்னால் நீந்துகிறவரை அது பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விடும். பெரிய கப்பல்கள் ஓயாமல் போய்வரும் வழி அது. சொறிமீன்கள் உடம்பில் பட்டால் நெருப்புப் பட்டதுபோல் எரியும். 1875-ல் மாத்யூ வெப் என்ற ஆங்கிலேயர் முதன்முதலில் அதனை நீந்திக் கடந்தார். 1926-ல் கெர்ட்ரூட் எடெர்லி என்ற அமெரிக்க நங்கை, பெண்களில் முதல்வராகக் கடந்தார். தமக்கு முன் கடந்த ஆண்கள் எல்லாரையும்விடக் குறைந்த நேரத்தில் அவர் கடந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஆரத்தி 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் பாஞ்சுகோபால் சாஹா படைத்துறையில் சாதாரண ஊழியர். செல்வக் குடும்பம் அன்று. இரண்டரை வயதில் ஆரத்தி தாயை இழந்தார். தாயில்லாப் பிள்ளைகள் மூவரும் ஒரே வீட்டில் வளரக் கொடுத்துவைக்கவில்லை. அண்ணனும் தங்கை பாரதியும் தாய்மாமன் வீட்டுக்குப் போனார்கள். ஆரத்தி மட்டும் வடக்குக் கல்கத்தாவில் பாட்டியிடம் வளர்ந்தார்.

அங்கேதான் தண்ணீர் அவர் வாழ்க்கைக்குள் வந்தது. நான்கு வயதுக் குழந்தையாக இருந்தபோது, வீட்டுப் பெரியவர் ஒருவர் குளிக்கப் போகையில் அவரையும் சம்பாதலா படித்துறைக்கு அழைத்துச் செல்வார். கங்கையின் கிளையாகிய ஹூக்ளி ஆற்றின் படித்துறை அது. அந்தப் படிகளில் இறங்கித்தான் ஆரத்தி நீந்தக் கற்றார். எந்த வீட்டுப் பெரியவரும் செய்யக்கூடிய காரியம்தான் இது. குளிக்கப் போகும்போது குழந்தையைக் கூட அழைத்துச் சென்றார். அது பெண் குழந்தை என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகவில்லை. இந்தியப் பெண்ணொருத்தி கடல் கடந்த வரலாற்றுக்கு அதுவே தொடக்கமாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கோம்பை மலையடிவாரத்து ஊர். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியபின் கம்பம் பள்ளத்தாக்கு பச்சைப் பசேலென்று ஆயிற்று. ஆறும் வாய்க்காலும் கம்மாயும் தோட்டக் கிணறும் நம்மைச் சுற்றி இருக்கின்றன. ஆண் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும் முறை ஒன்று நம் ஊர்களில் நெடுநாளாக உண்டு. இடுப்பில் கயிற்றைக் கட்டி, முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைச் சேர்த்துக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள். இந்நாளில் சுரைக்குடுக்கையின் இடத்தை மூடி இறுக்கிய பிளாஸ்டிக் கேன் பிடித்துக்கொண்டது. அண்ணனோ மாமாவோ படியில் நின்று கயிற்றைப் பிடித்திருப்பார். நாலு நாளில் பையன் மீனாகிவிடுவான். பெண் பிள்ளைக்கோ கிணற்று மேட்டுப் பக்கமே போகாதே என்பதுதான் பாடம். ஆனால் வாய்க்காலில் துணி துவைக்கப் போகிறவர்கள் யார்? இடுப்பில் குழந்தையும் தலையில் துணி மூட்டையுமாகப் படியில் இறங்குகிறவர்கள் யார்? தண்ணீரோடு நாளெல்லாம் புழங்குகிறவர்களுக்குத்தான் நீந்தத் தெரிவதில்லை. இது சரியா என்று பெரியவர்களைப் பணிவுடன் கேட்கத் தோன்றுகிறது.

மகளுக்குத் தண்ணீரில் இருந்த ஆர்வத்தைக் கண்ட தந்தையார், ஆரத்தியை ஹாட்கோலா நீச்சல் சங்கத்தில் சேர்த்துவிட்டார். கல்கத்தாவுக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு. அந்நகரின் நடுவே பழைய குளங்கள் பல இருக்கின்றன. கல்லூரிச் சதுக்கக் குளம், ஹேதுவா குளம் போன்றவற்றில் நீச்சல் சங்கங்கள் அமைந்து, அக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து வந்தன. வீட்டில் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரிய நீச்சல்குளங்கள் அல்ல அவை. ஆரத்தியின் தந்தையைப் போன்ற எளிய ஊழியர்களும் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று சேர்க்கக் கூடியவை. சச்சின் நாக் என்ற நீச்சல் வீரர் ஆரத்தியின் திறமையைக் கண்டுகொண்டு ஊக்குவித்தார். 1951-ல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நூறு மீட்டர் நீச்சலில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தவர் இவரே.

1946-ல் ஆரத்திக்கு வயது ஐந்து. அவ்வயதிலேயே 110 கெஜம் நீச்சல் போட்டியொன்றில் முதல் பரிசு பெற்றார். பின் 1951 வரை மாநில அளவில் மட்டும் 22 போட்டிகளில் வென்றார். 1948-ல் பம்பாயில் நடந்த தேசியப் போட்டியில் இரண்டு வெள்ளிப் பதக்கங்களும் ஒரு வெண்கலப் பதக்கமும் கிடைத்தன. அடுத்து மார்புநீச்சலில் பம்பாய் வீராங்கனை டாலி நசீரின் அகில இந்தியச் சாதனையை முறியடித்தார். பெண்கள் நீச்சலுடை அணிந்து பலர் பார்க்கப் போட்டியில் இறங்குவது மிக அபூர்வமாக இருந்த காலம் அது என்பதை மறக்கக் கூடாது.

1952-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. இந்தியாவிலிருந்து நான்கு பெண்கள் சென்றார்கள். ஓட்டத்துக்கு நீலிமா கோஷ், மேரி டிசோசா. நீச்சலுக்கு டாலி நசீர், ஆரத்தி சாஹா. ஆரத்தியின் வயது அப்போது பதினொன்று! நம் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் தங்கையொருத்தி ஒலிம்பிக்கிற்குப் போனதாக நினைத்துக்கொள்ளுங்கள். 200 மீட்டர் மார்புநீச்சலில் 3 நிமிடம் 40.8 விநாடியில் நீந்தினார். அடுத்த சுற்றுக்குப் போக அது போதவில்லை.

ஊர் திரும்பியபின் நடந்த ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. நூறு மீட்டர் நீச்சலில் ஆரத்தி தோற்றுப் போனார். வென்றவர் யார் தெரியுமா? தாய்மாமன் வீட்டில் வளர்ந்த சொந்தத் தங்கை பாரதிதான்! ஒலிம்பிக் சென்று வந்த அக்காளைத் தங்கை தோற்கடித்தாள். அதன்பின் ஆரத்தி மார்புநீச்சலிலேயே கருத்தைச் செலுத்தினார் என்பார்கள். நாளடைவில் கங்கையில் நெடுந்தொலைவு நீந்தும் போட்டிகளிலும் கலந்துகொண்டார். குளத்தில் நூறு மீட்டரை விரைந்து கடப்பது ஒரு கலை. ஆற்றின் இழுப்பை அறிந்து மணிக்கணக்கில் நீந்துவது வேறொரு கலை. இரண்டாவதில் அவருக்கு இயல்பாகவே பொறுமை அமைந்திருந்தது.

1958-ஆம் ஆண்டு நம் துணைக்கண்டத்து நீச்சலுக்கு ஒரு பொன்னாண்டு. அன்று கிழக்குப் பாகிஸ்தான் என வழங்கிய வங்காளதேசத்தைச் சேர்ந்த பிரஜேன் தாஸ் அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலீஷ் கால்வாய்ப் போட்டியில் ஆண்களில் முதலாவதாக வந்தார். அதே போட்டியில் டென்மார்க்கில் பிறந்த கிரெட்டா ஆண்டர்சன் என்ற பெண்மணி ஆண், பெண் அனைவரையும் முந்தி முதலிடம் பெற்றார். செப்டம்பரில் கல்கத்தாவைச் சேர்ந்த மிஹிர் சென் கால்வாயைக் கடந்து, அவ்வாறு கடந்த முதல் இந்தியர் ஆனார். இதே மிஹிர் சென்தான் பின்னாளில், 1966-ல், இலங்கையின் தலைமன்னாரிலிருந்து நம் தனுஷ்கோடி வரை பாக் நீரிணையை நீந்தியவர். பிரஜேன் தாஸின் வெற்றியைக் கேள்விப்பட்ட ஆரத்தி அவருக்குப் பாராட்டுச் செய்தி அனுப்பினார். அவரோ ஆரத்தியாலும் இது முடியும் என்று ஊக்கமூட்டிப் பதில் அனுப்பியதோடு நிற்காமல், அடுத்த ஆண்டுப் போட்டிக்கு ஆரத்தியின் பெயரையும் போட்டி நடத்துகிறவர்களிடம் தாமே எடுத்துச் சொன்னார். நாடு வேறு ஆகிவிட்ட போதிலும், தண்ணீரில் உறவு அறுபடவில்லை.

பெயர் சொல்லியாயிற்று, பணத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்து போய், பல வாரங்கள் தங்கிப் பயிற்சி செய்து, படகுக்கும் வாடகை கொடுக்க வேண்டும். ஹாட்கோலா சங்கத்தின் நிர்வாகிகளில் ஒருவரான டாக்டர் அருண் குப்தா முன்னின்று உழைத்தார். ஆரத்தியின் நீச்சல் காட்சிகளை நடத்தி நிதி திரட்டினார்கள். மேற்கு வங்க முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராய் 11,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்தார். பிரதமர் நேருவும் இம்முயற்சியில் அக்கறை காட்டினார். 1959 ஏப்ரல் 13-ஆம் நாள் தேசபந்து பூங்காக் குளத்தில் ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க ஆரத்தி எட்டு மணி நேரம் ஓயாமல் நீந்திக் காட்டினார். பின் ஒரு நாள் பதினாறு மணி நேரம் நீந்தினார். ஒரு பேட்டைக் குளத்தில்தான் கடலுக்கான ஒத்திகை நடந்தது. ஜூலை 24-ஆம் நாள் டாக்டர் குப்தாவை மேலாளராகக் கொண்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

1959 ஆகஸ்டு 27. இருபத்து மூன்று நாடுகளிலிருந்து 58 பேர் வந்திருந்தனர்; அவர்களுள் ஐவர் பெண்கள். பிரான்சுக் கரையில் கேப் கிரிநே என்ற முனையிலிருந்து நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குப் போட்டி தொடங்க வேண்டும். மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். ஆரத்திக்கு உரிய துணைப் படகு மட்டும் வந்து சேரவில்லை! அது வந்து அவர் புறப்படும்போது நாற்பது நிமிடம் கடந்துவிட்டது. கடலில் நாற்பது நிமிடம் என்பது பெரிய இழப்பு. நீரோட்டம் சாதகமாக இருக்கும் வேளை கைநழுவிவிடும். ஆயினும் மனம் தளராமல் நீந்தி, காலை பதினொரு மணிக்கெல்லாம் இங்கிலாந்துக் கரைக்கு ஐந்து மைல் தொலைவுக்கு வந்துவிட்டார். அங்கேதான் எதிர் நீரோட்டம் பிடித்துக்கொண்டது. மாலை நான்கு மணி வரை போராடியும் இரண்டு மைல்தான் முன்னேற முடிந்தது. ஆரத்தி தொடரவே விரும்பினார். படகோட்டியோ போதும் என்று வற்புறுத்தினார். கரை கண்ணுக்குத் தெரிய, அவர் தண்ணீரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

இவ்விடத்தில் சற்று நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் கால்வாயை நீந்துகிறவர் எவ்வளவு பெரிய வீரரானாலும் தனியாக நீந்துவதில்லை. ஒரு படகு பக்கத்திலேயே வரும். நீந்துகிறவர் அதைத் தொடக் கூடாது, தொட்டால் முயற்சி செல்லாது. கம்பின் நுனியில் வைத்துத்தான் பானமும் உணவும் நீட்டுவார்கள். ஆனால் படகில் இருப்பவர்களின் கண் நீந்துகிறவரைவிட்டு அகலாது. அவர் நிலை கெட்டால் தூக்கிவிடும் பொறுப்பு அவர்களுடையது. படகோட்டி அன்று ஆரத்தியை மேலே ஏற்றியது எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், அந்தப் படகோட்டி அவ்வாறு செய்யாதிருந்தால் செப்டம்பர் மாதம் என்ற ஒன்றே இல்லாமல் போயிருக்கலாம்.

பதினாறு மணி நேரம் குளத்தில் நீந்திக் காட்டிய பெண்ணே படகு வராமல் புறப்படவில்லை. நாமோ ஆழம் தெரியாமல் காலை விடுகிறோம். கோடை விடுமுறையில் செய்தித்தாளைப் புரட்டினால், பாட்டி ஊருக்கு வந்த பிள்ளைகள் கிணற்றிலும் தடுப்பணையிலும் மூழ்கினார்கள் என்ற செய்தி ஆண்டு தவறாமல் வருகிறது. ஒருவர் மூழ்க, காப்பாற்றப் போன மற்றவரும் மூழ்கினார் என்பதும் உடன் வரும். தண்ணீர் மூன்று பிழை பொறுக்கும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மூழ்குகிறவர் மூன்று முறை மேலே வருவார் என்ற நம்பிக்கை அது. அப்படி எல்லாம் ஒரு கணக்கும் கிடையாது. மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்துவதும் இல்லை, கையை வீசுவதும் இல்லை. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எப்படி வரும்? ஓசையின்றி ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதனால்தான் கரையில் ஒரு கண் வேண்டும் என்கிறார்கள். நீந்தத் தெரியாதவர் பதற்றத்தில் குதிக்கக் கூடாது. கயிறு, சேலை, வேட்டி, நீண்ட கம்பு, மூடிய காலிக் கேன் என்று கைக்குக் கிடைத்ததை வீச வேண்டும். உதவிக்குக் கூவ வேண்டும். வெளியே எடுத்தபின் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்துக் காற்றூதுவதும் நெஞ்சை அழுத்துவதுமே உயிரைத் திரும்பத் தரும். அதற்குள் ஒருவர் 108-க்குச் சொல்ல வேண்டும்.

படகைப் பற்றிப் பேசும்போது நம் மலைக்கு மேலே நடந்ததையும் மறக்க முடியாது. 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கம்பத்திலிருந்து மலையேறினால் வரும் அதே தேக்கடி. நம் வயல்களுக்குப் பாயும் அதே தண்ணீர். மிதவைச் சட்டை என்பது படகில் அடுக்கி வைக்கும் பொருள் அன்று, உடம்பில் அணியும் பொருள் என்று அன்றைக்கு நாடே பேசியது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலும் பாதுகாப்பாக மீட்கும் முறையும் கற்பிப்பது, கிணற்றுக்கும் குளத்துக்கும் தடுப்பு வைப்பது, சிறு குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள இடம் அமைப்பது ஆகியவற்றை அந்நிறுவனம் வலியுறுத்துகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2021-ல் தீர்மானம் நிறைவேற்றி ஜூலை 25-ஆம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. பிரஜேன் தாஸ் பிறந்த வங்காளதேசத்தில் கிராமத்துக் குளத்திலேயே மூங்கிலால் மேடை கட்டி அடைத்து, அதற்குள் நான்கு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் நீச்சல் பழக்குகிறார்கள். பளிங்குக் கல் பதித்த குளம் எல்லா ஊருக்கும் வரும் என்று காத்திருக்காமல், இருக்கிற குளத்தில் மூங்கிலை நட்டார்கள் அல்லவா? சென்னையிலும் மதுரையிலும் அரசு நீச்சல்குளங்கள் உண்டு. ஆனால் கோம்பையிலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். நம் பிள்ளைகளுக்குத் தோட்டக் கிணறுதான் நீச்சல்குளம். வயிரவனாறும் சுருளியும் ஓடுகிற பள்ளத்தாக்கில், கழுத்தளவு ஆழத்தில் அடைப்புக் கட்டிய ஓர் இடமும், கயிறு பிடிக்க ஓர் அக்காளும் இருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும். பெண் பிள்ளைகளை அனுப்பவும் வீட்டில் தயங்க மாட்டார்கள்.

மீண்டும் ஆரத்தியிடம் வருவோம். ஊருக்குத் திரும்பிவிடாமல் அவர் அங்கேயே தங்கி மறுபடி பயிற்சியில் இறங்கினார். இடையில் செப்டம்பர் 24-ஆம் நாள் பத்தொன்பதாம் பிறந்த நாளும் வந்து போயிற்று. செப்டம்பர் 29-ஆம் நாள் விடியற்காலை 5.55 மணிக்கு அதே கேப் கிரிநே முனையில் தண்ணீரில் இறங்கினார். இம்முறை போட்டி இல்லை, உடன் நீந்துவோர் இல்லை, வேடிக்கை பார்க்கும் கூட்டம் இல்லை. கடலும் அவரும் பக்கத்தில் படகும் மட்டுமே. செப்டம்பர் கடைசி என்பதால் பகல் குறுகி, காற்றும் குளிரத் தொடங்கும் பருவம். காலை போயிற்று, பகல் போயிற்று, மாலையும் போயிற்று. நீரோட்டம் இழுத்த இழுப்பில் நேர்வழி மிகவும் வளைந்து, அவர் நீந்திய தூரம் 42 மைல் ஆயிற்று என்று கணக்கிட்டார்கள். இருட்டிய பின்னும் கை ஓயவில்லை. 16 மணி 20 நிமிடம் கழித்து, இரவு பத்து மணி தாண்டி, இங்கிலாந்தின் சாண்ட்கேட் கரையில் அவர் கால் மணலைத் தொட்டது. கரையேறியதும் இந்தியக் கொடியை ஏற்றினார். அப்போது லண்டனில் இந்தியத் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் முதலில் வாழ்த்துச் சொன்னார். மறுநாள் அகில இந்திய வானொலி செய்தியை நாடெங்கும் பரப்பியது. நம் வைகை அணை திறக்கப்பட்டதும் அதே 1959-ஆம் ஆண்டில்தான்.

1960-ல் இந்திய அரசு ஆரத்திக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. விளையாட்டுத் துறையில் இவ்விருதைப் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. தமக்காக நிதி திரட்டி, இங்கிலாந்துக்கு மேலாளராகத் துணை வந்த டாக்டர் அருண் குப்தாவையே மணந்துகொண்டார். அதன்பின் ஆரத்தி குப்தா என்றும் அவர் பெயர் வழங்கியது. புகுந்த வீடு பாட்டியின் வீட்டுக்கு அருகிலேயே இருந்தது. அர்ச்சனா என்று ஒரு மகள் பிறந்தாள். ரயில்வேயில் வேலை பார்த்தார். பெரிய மாளிகையோ பெரும் செல்வமோ அவர் தேடவில்லை. கடலைக் கடந்தவர் வாழ்நாள் முழுவதும் அந்த வடக்குக் கல்கத்தாச் சந்துகளிலேயே வாழ்ந்தார்.

1994 ஆகஸ்டு 4-ஆம் நாள் மஞ்சள் காமாலையால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பத்தொன்பது நாள் நோயோடு போராடி, ஆகஸ்டு 23-ஆம் நாள் காலமானார். வயது ஐம்பத்து மூன்றுதான். அதே ஆண்டில்தான் நம் தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீஸ்வரன் பன்னிரண்டு வயதில் பாக் நீரிணையை நீந்திக் கடந்தான்.

1996-ல் அவர் வீட்டருகே அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். அஞ்சல் துறை மூன்று ரூபாய்த் தபால்தலை வெளியிட்டது. 2020-ஆம் ஆண்டு அவருடைய எண்பதாம் பிறந்த நாளன்று, கூகுள் தன் முதற் பக்கத்தில் அவர் படத்தை வரைந்து வைத்தது. சிலைக்கு முன்னால் இருக்கும் சிறிய சந்துக்கும் ஆரத்தி சாஹாவின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அதன் நீளம் சுமார் நூறு மீட்டர். சிறு வயதில் அவர் போட்டியிட்ட தூரம்.